கார் வாங்குவது தவறல்ல. கடையைக் கரைத்து வாங்குவதே தவறு

கடந்த மாதம் இளம் வர்த்தகர் ஒருவர் என்னுடைய கடைக்கு வந்திருந்தார். சாய்ந்தமருதில் சிறியதொரு புடவைக் கடை வைத்திருக்கிறார். நல்ல உழைப்பாளி. கொடுக்கல் வாங்கலில் நாணயமானவர். தேநீர் குடித்துக் கொண்டிருக்கும்போது மெதுவாக விடயத்தைத் தொடங்கினார்.

"காக்கா, ஒரு கார் எடுக்கலாமெண்டு யோசிக்கிறன். கையில கொஞ்சம் காசிருக்கு. மிச்சத்த லீசிங்ல போடலாம். நீங்க என்ன சொல்றீங்க?"

"கையில இருக்கிறது எந்தக் காசு தம்பி?" என்று கேட்டேன்.

சற்றுத் தயங்கினார். "பெருநாளைக்குச் சாமான் எடுக்க வெச்சிருந்த காசுதான்" என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு எனது 2017ஆம் ஆண்டு ஞாபகத்துக்கு வந்தது. அவருக்குச் சொன்ன விடயங்களை இப்பத்தியிலும் எழுதுவது பலருக்குப் பயன்படலாம் என நினைக்கிறேன்.

2017இல் நோன்புக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது பாவித்த டொயோட்டா அக்வா கார் ஒன்றை வாங்கினேன். பாதணிக் கடைக்காரனான எனக்கு வருடத்தின் பெரிய வியாபாரமே நோன்புப் பெருநாள்தான். புறக்கோட்டையில் சரக்கெடுப்பதற்கு ஒதுக்கியிருந்த பணத்தில் பெரும் பகுதியைக் காருக்குக் கொடுத்துவிட்டேன். "ஒரு மாதத்தில் புரட்டி விடலாம்" என்பதுதான் அப்போதைய எண்ணம். புரட்ட முடியவில்லை. வழமையாகக் காசுக்கு வாங்கும் சரக்கைப் பின்திகதியிட்ட காசோலை கொடுத்து வாங்கினேன். காசுக்கு ஒரு விலை, காசோலைக்கு இன்னொரு விலை என்பதை வியாபாரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நல்ல மொடல்கள் காசு கொடுத்தவர்களுக்குப் போய்விட்டன. எனக்குக் கிடைத்தது மிச்சம். பெருநாள் முடிந்தபோது கடைக்கு முன்னால் கார் நின்றது. கடைக்குள்ளே விற்காத செருப்புகள் நின்றன. அந்த வருடம் இழந்த வாடிக்கையாளர்கள் சிலர் இன்றுவரை திரும்பி வரவில்லை.

காரில் ஒரு குறையும் இருக்கவில்லை. குறை என்னுடைய கணக்கில்தான் இருந்தது.

இதை இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்களை மீண்டும் இறக்க 2025 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து வருடங்களில் நாட்டிலிருந்த பழைய கார்களே கைமாறிக் கொண்டிருந்தன. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் அதே ஆண்டு மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. சரக்கு வரவில்லை, ரூபாவும் விழுந்தது. பிறகென்ன? பழைய காருக்கும் புதிய காரின் விலை வந்தது. என்னுடைய அக்வாவை நான் வாங்கிய விலையின் இரு மடங்குக்குக் கேட்டு வந்தார்கள்.

"காக்காவுக்கு நல்ல லாபம்" என்று நண்பர்கள் வாழ்த்தினார்கள். நானும் சில நாட்கள் மகிழ்ந்தேன். பிறகு யோசித்தேன். இதை விற்றால் எனக்கு வேறொரு கார் வேண்டும். அதன் விலையும் இரு மடங்கு. அப்படியானால் லாபம் எங்கே? வீட்டுக்குத் தேவையான பொருளின் விலை ஏறுவது வருமானமாகாது. காரை விற்றுவிட்டு இனிக் கார் வேண்டாம் என்றிருப்பவருக்குத்தான் அது லாபம். மற்றவர்களுக்கு அது காதுக்கு இனிமையான ஒரு செய்தி மட்டுமே.

ஆயினும் அந்த ஐந்து வருடங்கள் எம்மிடையே ஒரு தவறான நம்பிக்கையை விதைத்துவிட்டன. "காரில் போட்ட காசு போகாது, காணி மாதிரி ஏறும்" என்று பலர் பேசுகிறார்கள். காணி தேய்வதில்லை, கார் தேயும். விலை ஏறியது கார் உயர்ந்ததால் அல்ல, சரக்குத் தட்டுப்பாட்டினால். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி இறுக்கப்பட்டிருந்த காலத்தில் பழைய மொரிஸ் மைனர் கார்களைச் சனம் எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது என்று எனது வாப்பா கதை சொல்வார். 1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது, ஜப்பான் கார்கள் வந்தன, மொரிஸ் மைனரின் மவுசு போயிற்று. தட்டுப்பாட்டில் ஏறிய விலையை நிரந்தரமென்று நம்பிக் கடன்படுபவர் அரசாங்கத்தின் அடுத்த வர்த்தமானியில் தனது முதலைப் பந்தயம் வைக்கிறார்.

அதேவேளை, இறக்குமதி திறந்தவுடன் எல்லாம் பாதி விலைக்கு வரும் என்று காத்திருந்தவர்களும் ஏமாந்தார்கள். 2025இல் இறக்குமதியைத் திறந்தபோது சுங்கத் தீர்வை, அதன்மேல் மிகைவரி, இயந்திரக் கொள்ளளவுக்கேற்ற உற்பத்தி வரி, இவற்றோடு 18 வீத பெறுமதி சேர் வரியும் விதிக்கப்பட்டன. விலை கூடிய வாகனங்களுக்கு ஆடம்பர வரி வேறு. டொலரும் 300 ரூபா அளவில் நின்றது. ஆகவே 2019ஆம் ஆண்டின் விலையை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. ஏறும் என்று அவசரப்படுவதும் விழும் என்று காத்திருப்பதும் ஊகம்தான். வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கார் ஒரு நாளைக்கு எனக்கு எவ்வளவு செலவு வைக்கும்?

ஒரு உதாரணக் கணக்குப் போடுவோம். 60 இலட்சம் ரூபாவுக்குக் கைக்காசில் ஒரு கார் வாங்குகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். அந்தப் பணம் கடையில் சரக்காகச் சுழன்று வருடத்துக்கு 10 வீதம் தந்தாலும் 6 இலட்சம். அது இனி வராது. வருடத் தேய்மானம் 5 இலட்சம். காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை எல்லாம் சேர்த்து ஒன்றரை இலட்சம். சேர்விஸ், டயர், பற்றரி, சில்லறை வேலைகள் இன்னொரு ஒன்றரை இலட்சம். மாதம் 1,000 கிலோமீற்றர் ஓடி, லீற்றருக்கு 20 கிலோமீற்றர் கிடைத்து, பெற்றோல் 300 ரூபா என்றால் வருடத்துக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம். மொத்தம் 15 இலட்சத்து 80 ஆயிரம். நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,300 ரூபா. கார் வீட்டுக்கு முன்னால் உறங்கும் நாளிலும் இதில் பெரும் பகுதி போய்க்கொண்டே இருக்கும்.

உங்களுடைய எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் கணக்குக் கொப்பியில் இந்த ஐந்து வரிகளையும் எழுதிப் பார்க்காமல் யாரும் கார் வாங்கக் கூடாது. நாம் பெரும்பாலும் எழுதுவது பெற்றோலை மட்டும்தான். ஏனெனில் அது மட்டும்தான் கையிலிருந்து போவது கண்ணுக்குத் தெரிகிறது.

லீசிங் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எமது பிரதேசத்தின் வியாபாரம் மாதச் சம்பளத்தைப் போன்றதல்ல. அம்பாறை மாவட்டத்தில் வயல் அறுத்தால்தான் கடையில் காசு புழங்கும். பெரும்போக அறுவடை, சிறுபோக அறுவடை, இரண்டு பெருநாட்கள் ஆகியவற்றைத் தவிர்த்தால் மற்ற மாதங்கள் எப்படி என்பது பிரதான வீதியில் கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மாரியில் வெள்ளம் வந்தால் அந்த மாதம் கடை திறந்தும் பயனில்லை. ஆனால் லீசிங் தவணை வெள்ளத்தையும் பார்க்காது, வரட்சியையும் பார்க்காது. ஆகவே தவணை கட்டும் சக்தியை அறுவடை மாதத்தின் வருமானத்தைக் கொண்டு அளக்காதீர்கள். வருடத்தின் ஆக மோசமான மாதத்தைக் கொண்டு அளவுங்கள்.

வட்டியைத் தவிர்க்க விரும்புபவர்கள் இஜாரா, முராபஹா முறைகளை நாடுகிறார்கள். நல்ல விடயம். ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஹலாலான கடனும் கடன்தான். ஒப்பந்தம் மார்க்கத்துக்கு உடன்பட்டிருப்பதால் மாதத் தவணை சிறியதாகி விடுவதில்லை.

இனி, வாங்குவதென்று முடிவெடுத்தவர்களுக்குச் சில விடயங்கள். எமது ஊர்கள் கடலோடு ஒட்டியவை. உப்புக் காற்று இரும்பைத் தின்னும். பாவித்த கார் வாங்கும்போது பளபளக்கும் பெயின்றைப் பார்க்காமல் காரை உயர்த்தி அடிப்பாகத்தைப் பாருங்கள். கதவுகளின் கீழ் விளிம்பு, டிக்கியின் உட்பக்கம், பிரேக் குழாய்கள் ஆகியவற்றில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கிய பிறகும் கடற்கரைப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவ வேண்டும். உப்புக் கலந்த கிணற்று நீரால் கழுவினால் பயனில்லை.

ஹைபிரிட் கார் என்றால் பெரிய பற்றரியைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கணினியில் பரிசோதித்த பின்பே விலை பேசுங்கள். அது இறந்தால் இலட்சங்களில்தான் பேச வேண்டியிருக்கும். அக்வா போன்ற கார்களில் பின்னிருக்கைக்கு அருகே பற்றரிக்குக் காற்றுப் போகும் துவாரம் இருக்கிறது. அதைத் துணியாலோ பையாலோ மூடி வைத்தாலும் தூசு அடைத்தாலும் பற்றரி சூடாகி ஆயுள் குறையும். எனக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. பணத்தைச் செலவழித்துத்தான் கற்றுக் கொண்டேன். மீற்றரில் காட்டும் கிலோமீற்றரையும் அப்படியே நம்ப வேண்டாம். பழைய சேர்விஸ் பற்றுச்சீட்டுகளைக் கேளுங்கள். பிரேக் பெடலும் சாரதி ஆசனமும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்பது மீற்றரை விட உண்மை பேசும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது புத்தகம். "ஓப்பன் பேப்பர்" என்று சொல்லிக் கையொப்பமிட்ட வெற்றுப் படிவங்களோடு வாகனம் கை மாறுவது எமது பகுதியில் சர்வ சாதாரணம். எனக்குத் தெரிந்த ஒருவர் தன்னுடைய வேனை இப்படித்தான் விற்றார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். இரண்டு வருடங்களின் பின் விபத்தொன்று நடந்தபோது பொலிஸார் வந்தது முதலாவது ஆளின் வாசலுக்கு. விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து பெயர் மாற்றத்தை முடித்த பிறகே கொடுக்கல் வாங்கல் நிறைவு பெறுகிறது. வர்த்தகத்தில் எழுத்துக்கு இருக்கும் மதிப்பை நாம் காரில் மட்டும் மறந்து விடுகிறோம்.

இவற்றை வாசித்துவிட்டு இவர் காருக்கே எதிரி என்று யாரும் எண்ண வேண்டாம். உம்மாவுக்கு நள்ளிரவில் மூச்சிரைத்தபோது கைகொடுத்தது அந்த அக்வாதான். அந்த இரவுக்கு நான் எந்தக் கொப்பியிலும் விலை எழுதவில்லை. குடும்பத்தின் பாதுகாப்பும் வசதியும் பெறுமதியானவை. ஆனால் அதைக் "குடும்பச் செலவு" என்று எழுத வேண்டும், "வியாபாரத்துக்குத் தேவை" என்று எழுதி எம்மை நாமே ஏமாற்றக் கூடாது. புறக்கோட்டைக்கு இரவு பஸ்ஸில் போய், சரக்கை லொறியில் போட்டுவிட்டுத் திரும்புபவருக்கு வியாபாரம் குறைவதில்லை. உண்மையில் வியாபாரத்துக்கு வாகனம் தேவையென்றால் பலருக்குப் பொருத்தமானது சாமான் ஏற்றும் ஒரு சின்ன லொறி. அது நிற்கும் நாளில் வாடகைக்காவது போகும்.

2022ஐயும் மறக்க வேண்டாம். அந்த ஜூன் மாதக் கடைசியில் ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். கொழும்புக்குப் போய் வர ஏறத்தாழ 700 கிலோமீற்றர் ஓட வேண்டிய எமக்கு அது போதவில்லை. கார் வைத்திருந்தவர்களும் பஸ்ஸில் போனோம். சைக்கிளில் கடைக்கு வந்தோம். அந்த நாட்களில் நிமிர்ந்து நின்றவர் யார்? கார் உள்ளவரா? இல்லை. கடையில் சரக்கும், கடனில்லாத கொப்பியும் உள்ளவர்.

அந்தத் தம்பியிடம் நான் "வாங்காதே" என்று சொல்லவில்லை. பெருநாள் சரக்கை முதலில் எடுங்கள், வியாபாரத்தை முடியுங்கள், கடைக்குரிய முதலை எண்ணித் தனியாக வையுங்கள், மிஞ்சுவதில் கார் பாருங்கள், மிஞ்சவில்லையென்றால் அடுத்த பெருநாளைப் பாருங்கள் என்றேன். முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. "மச்சான்மார் எல்லாரும் எடுத்திட்டாங்க காக்கா" என்றார்.

அதுதான் உண்மையான காரணம். எமது ஊர்களில் பல கார்கள் வீதியில் ஓடுவதற்காக அல்ல, வாசலில் நிற்பதற்காகவே வாங்கப்படுகின்றன. அடுத்தவருடைய வாசலைப் பார்த்து வாங்கும் காருக்கு நமது கடைதான் தவணை கட்டுகிறது. கார் பழையதானால் இன்னொன்று வாங்கலாம். கரைந்துபோன முதலையும் கைவிட்டுப்போன வாடிக்கையாளரையும் எந்தச் சந்தையில் வாங்குவது?