ஏடெழுதும் இளைஞன்

மருத்துவம் நான்கு கூறுடையது என்றார் வள்ளுவப் பேராசான். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என்னும் அந்நான்கனுள், அமெரிக்க நாட்டு மருத்துவமனைகளிற் கணிப்பொறி முன் அமர்ந்திருக்கும் இளைஞன் எக்கூற்றைச் சேர்ந்தவன்? அவன் நோயாளியைத் தொடான், மருந்தும் தரான். மருத்துவர் வினவுவதையும் நோயாளி விடையிறுப்பதையும் உடனுக்குடன் எழுதுவதே அவன் தொழில். எழுதியதைப் படித்துத் திருத்திக் கையொப்பமிடும் பொறுப்பு மருத்துவருடையது. மருத்துவ ஏடெழுதுநன் என அவனைக் குறிக்கலாம்.

இத்தொழில் பெருகிய கரணியம் வெளிப்படை. 2009-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, நோயாளர் குறிப்புகளை மின்னேடுகளாக்கும் மருத்துவர்க்குப் பொருளுதவி வழங்கிற்று. தாளேடு போயிற்று, தட்டச்சுச் சுமை வந்தது. 57 மருத்துவரின் பணியை அளந்து 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று, நோயாளியுடன் கழியும் ஒவ்வொரு மணிக்கும் ஏறத்தாழ இரண்டு மணி மின்னேட்டிலும் மேசைப்பணியிலும் கழிகின்றதெனக் காட்டிற்று. அச்சுமையைத் தாங்கவே ஏடெழுதுநர் அமர்த்தப்பட்டனர்.

அந்நாட்டில் பட்டப்படிப்பை முடித்தபின்னரே நான்காண்டு மருத்துவக் கல்வியுட் புகுதல் பெருவழக்கு. நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணொடு, நோயாளரிடை நின்று பெற்ற பட்டறிவையும் கல்லூரிகள் நோக்குகின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பதை உணர்ந்த முறை அது. நெஞ்சுவலியென வந்தவனை எவ்வினா முதலிற் கேட்பது, எதனை ஐயுறுவது, எதனை விலக்குவது என்பவற்றை ஏடெழுதுபவன் நாள்தோறும் கேட்டுத் தெளிகின்றான். இஃது எந்நூலும் தாராப் பயிற்சி.

ஆயினும் இதன்கண் ஒரு கொடுமை உண்டு. "பட்டறிவு கிடைக்கின்றதன்றோ?" என்று கூறியே கூலி குறைக்கப்படுகின்றது. பெற்றோர் பொருளால் தாங்கப்பெறுவோன் ஈராண்டு அவ்வாறு உழைக்கலாம். கல்விக்கடன் கழுத்தை நெரிக்க, குடிக்கூலிக்கும் உணவுக்கும் தானே ஈட்டவேண்டியவன் என்செய்வான்? கூடுதற்கூலி தரும் கடைவேலைக்குச் செல்வான். மருத்துவமனைப் பட்டறிவு இல்லாதவனெனச் சேர்க்கையிற் பின்தள்ளப்படுவான். தகுதியை அளப்பதாகச் சொல்லும் கோல், தந்தையின் பணப்பையை அளந்துவிடுகின்றது.

இன்றோ, உரையாடலைக் கேட்டுத் தாமே குறிப்பெழுதும் செய்யறிவுக் கருவிகளும் மருத்துவமனைகளுட் புகுந்துவிட்டன. மலிவு என்பதற்காகவே வைக்கப்பட்ட இளைஞனை, அதனினும் மலிவானது கிடைத்தவுடன் நீக்கத் தயங்கார். அவன் கற்ற வழியும் அவனொடு அடைபடும்.

ஆகவே, பட்டறிவை வேண்டும் கல்லூரிகளே அதனைப் பெறும் வாய்ப்பையும் எளியவர்க்கு உறுதிசெய்தல் வேண்டும். பிற கூலிவேலையில் நின்று குடிகாத்தவனின் உழைப்பையும் தகுதியாக மதித்தல் வேண்டும். மருத்துவமனைகள் வாழ்தற்குப் போதிய ஊதியம் தருதல் வேண்டும். நோயாளியின் சொல்லைச் செவிமடுக்கக் கற்ற இளைஞனே நாளைய நன்மருத்துவன். அவன் ஏழை வீட்டிலிருந்தும் வரல் வேண்டும்.