வாசல் மட்டும் போதுமா?

சிங்கப்பூரின் கிச்சனர் சாலையில், சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதியை ஒட்டி ஒரு சிறிய பூங்கா இருக்கிறது. அங்கே ‘நியூ வோர்ல்டு’ என்னும் பெயரைத் தாங்கிய நுழைவாயில் ஒன்று நிற்கிறது. நாள்தோறும் பலர் அதைக் கடந்து செல்கின்றனர். ஆனால், அது எந்த இடத்தின் வாசலாக இருந்தது என்று கேட்பவர் சிலரே.

ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்னும் சகோதரர்கள் 1923-ஆம் ஆண்டில் ஜாலான் புசார் வட்டாரத்தில் ‘நியூ வோர்ல்டு’ கேளிக்கைப் பூங்காவைத் தொடங்கினர். அதைத் தொடர்ந்து 1931-இல் ‘கிரேட் வோர்ல்டு’, 1937-இல் ‘ஹேப்பி வோர்ல்டு’ ஆகிய பூங்காக்களும் உருவாயின. வீடுகளில் தொலைக்காட்சி இல்லாத காலம் அது. பகலெல்லாம் உழைத்தவர்கள் மாலை நேரத்தில் இப்பூங்காக்களில் திரண்டனர். ஒரு பக்கம் சீன நாடகம் நடக்கும். மறு பக்கம் மலாய்ப் பங்சாவான் நாடகம் நடக்கும். குத்துச்சண்டை, திரைப்படம், ஆடலரங்கம், உணவுக் கடைகள் எனப் பலவும் அங்கே இருந்தன. வெவ்வேறு மொழி பேசிய மக்கள் ஒரே கூட்டத்தில் கலந்து மகிழ்ந்தனர்.

இந்தப் பூங்கா இருந்த வட்டாரத்தில் வேறு பழைய அடையாளங்களும் உள்ளன. சிராங்கூன் சாலையில் உள்ள ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயத்தின் வரலாறு 1855-இல் தொடங்குகிறது. 1978-இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. தைப்பூச ஊர்வலம் இன்றும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. 1929-இல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கம் புதுப்பிக்கப்பட்டு, இன்றும் காற்பந்து ரசிகர்களை ஈர்க்கிறது. ஃபேரர் பார்க்கில் இருந்த குதிரைப் பந்தயத் திடல் 1933-இல் புக்கிட் தீமாவுக்கு மாறியது. குதிரைகள் போய்விட்டாலும் ‘ரேஸ் கோர்ஸ் சாலை’ என்னும் பெயர் அந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆலயத்தை வழிபாடு காக்கிறது. விளையாட்டரங்கத்தை ஆட்டங்கள் காக்கின்றன. 1987-இல் மூடப்பட்ட கேளிக்கைப் பூங்காவைக் காக்க அத்தகைய தொடர்ச்சி எதுவும் இல்லை. அதன் கதையைச் சொல்பவர் இல்லாவிட்டால், எஞ்சியிருக்கும் வாசலும் வெறும் அலங்காரமாகிவிடும்.

“நிலம் குறைந்த நாட்டில் பழையவை அனைத்தையும் வைத்துக்கொள்ள முடியுமா?” என்று சிலர் கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. 1963-இல் தொலைக்காட்சி அறிமுகமானது. பின்னர்க் கடைத்தொகுதிகளும் பெருகின. மக்களின் பொழுதுபோக்கு மாறியபோது பூங்காவின் கூட்டமும் குறைந்தது. எனவே, கட்டடங்கள் மறைந்ததைக் குறைகூறிப் பயனில்லை. ஆனால், கட்டடம் மறைந்தால் நினைவும் மறைய வேண்டும் என்பதில்லை.

தலைவர்களின் வாழ்க்கையும் பெரிய நிகழ்வுகளும் மட்டுமே வரலாறு ஆகிவிடா. சாதாரண மக்கள் எங்கே சிரித்தார்கள், எதைப் பார்த்து வியந்தார்கள், உழைத்துச் சேர்த்த காசை எதற்குச் செலவிட்டார்கள் என்பவையும் வரலாறுதான். இவற்றுள் பல, ஏடுகளில் இல்லை. மூத்தோரின் நினைவில்தான் இருக்கின்றன. இத்தகைய நினைவுகளின் அருமையை உணர்ந்தே 1979 முதல் சிங்கப்பூரில் வாய்மொழி வரலாறு பதிவு செய்யப்பட்டு வருகிறது.

அந்தப் பணியை அரசாங்கத்திடம் மட்டும் விட்டுவிடுவது முறையன்று. தாத்தா பாட்டியிடம் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, “அந்தக் காலத்தில் எங்கே போவீர்கள்? யாருடன் போவீர்கள்? என்ன சாப்பிடுவீர்கள்?” என்று கேட்டு எழுதிவைக்க எந்த மாணவராலும் முடியும். அதற்குப் பெரும்பொருள் தேவையில்லை, கைப்பேசியே போதும். ஆனால், காலம் தாழ்த்தக் கூடாது. இடித்த கட்டடத்தைப் படத்தைப் பார்த்தாவது மீண்டும் கட்டிவிடலாம். கேட்காமல் விட்ட கதையை எவராலும் மீட்க முடியாது.