தங்கள் குறை தீர்ந்தது!

மார்கழி மாதம். வியாழக்கிழமை இரவு எட்டரை மணி. எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டி ஒன்று திடீரென்று கண் சிவந்தது. வீட்டுக்குள் இணையத்தைக் கொண்டுவந்து சேர்க்கிற பெட்டி அது. அதுவரை சாதுவாகப் பச்சை விளக்குடன் இருந்தது. சிவப்பு விளக்கு மினுக்கினால், வெளியே எங்கேயோ கம்பி அறுந்து, பெட்டிக்கு வரவேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். எதிர் வீட்டு எட்டாம் வகுப்புப் பையனுக்கும் தெரியும். தெரிந்தாலும் தெரியாததுபோல் இருக்கக் கடமைப்பட்டவர்கள், கம்பெனியில் தொலைபேசியை எடுக்கிறவர்கள் மட்டுமே!

கம்பெனியைக் கூப்பிட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். பழுதுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அதையும் அழுத்தினேன். பிறகு புல்லாங்குழல் இசை. நடுநடுவே, "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று ஒரு பெண் குரல். இப்படிப் பதினெட்டு நிமிஷம். அத்தனை முக்கியமான விருந்தாளியை யாராவது அத்தனை நேரம் வாசலில் நிறுத்தி வைப்பார்களா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், உயிருள்ள குரல் ஒன்று கேட்டது.

"பெட்டியை அணைத்துவிட்டு, பத்து விநாடி கழித்துப் போடுங்கள், சார்."

"அம்மா, சிவப்பு விளக்கு எரிகிறது. வெளியே கம்பி அறுந்திருக்கிறது."

"புரிகிறது, சார். பெட்டியை அணைத்துவிட்டுப் போடுங்கள்."

அணைத்தேன். பத்து வரை எண்ணினேன். போட்டேன். சிவப்புத்தான்!

"இன்னொரு முறை முயற்சி செய்யலாமா, சார்?"

செய்தோம். பெட்டி அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண், ரெயில் வண்டி நீளத்துக்கு ஒரு புகார் எண்ணைச் சொல்லி, "மேல் விவரங்களை எங்கள் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், சார்" என்றாள். 'ஆறு வற்றிப்போயிற்று' என்று சொல்ல வந்தவனிடம், 'அப்படியா? படகில் ஏறி அக்கரைக்கு வந்து எழுதிக் கொடு' என்றால் எப்படி இருக்கும்?

மறுநாள் பிற்பகல் என் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது: 'தங்கள் குறை தீர்ந்தது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?' ஆவலுடன் வீட்டுக்கு ஓடி வந்து பார்த்தேன். பெட்டி அதே சிவந்த கண்ணுடன் என்னைப் பார்த்தது.

மறுபடியும் புல்லாங்குழல், பத்து விநாடி, புதிய எண். சனிக்கிழமை மீண்டும் 'தங்கள் குறை தீர்ந்தது.' திங்கட்கிழமை மூன்றாவது எண் வாங்கினேன். செவ்வாயன்று அதுவும் தீர்ந்தது! சிவப்பு விளக்கு மட்டும் தீரவில்லை.

எனக்கு இதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆபீஸில் இணையம் இருக்கிறது. வீட்டில் இல்லாவிட்டால் நாலு பக்கம் புஸ்தகம் படித்ததாக ஆயிற்று. கஷ்டம் பின்கட்டு மாமிக்குத்தான்.

எங்கள் கட்டடத்தில் எட்டுக் குடித்தனம். எல்லாருக்கும் ஒரே கம்பி. பின்கட்டில் தனியாக இருக்கும் மாமியின் பெண்ணுக்கு, மெல்போர்னில் ஐந்து வாரத்துக்கு முன்புதான் குழந்தை பிறந்தது. முழங்கால் வலியால் மாமி பிரசவத்துக்குப் போக முடியவில்லை. அதற்குப் பதிலாகத் தினமும் காலை ஐந்தரை மணிக்குக் காப்பியைக் கலந்துகொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அங்கே மணி பதினொன்று. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நேரம். "காலை நீவி விடுடி! தலையைத் தாங்கிப் பிடி!" என்று மாமி இங்கிருந்தே உத்தரவு போடுவாள். கடல் கடந்து பேத்தியைக் குளிப்பாட்டிய பாட்டி அவள்.

கைபேசியில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். பின்கட்டில் சிக்னல் எட்டிப் பார்ப்பதில்லை. தெருவாசலுக்கு வந்தால்தான் கொஞ்சம் கிடைக்கும். ஆகவே மாமி, மார்கழிப் பனியில், இருட்டுப் பிரிவதற்கு முன்னால், கம்பளியைத் தலையில் சுற்றிக்கொண்டு, வாசல் தூணைப் பிடித்தபடி நின்றாள். படம் இரண்டு விநாடி ஓடும். நாலு விநாடி நிற்கும். பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன பாட்டி, இந்தக் குளிரில்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மாமி வாசலுக்கு வரவில்லை. கால் வீங்கிவிட்டது.

"ஏண்டாப்பா, 'தீர்ந்தது தீர்ந்தது' என்கிறானே, யாருக்குத் தீர்ந்தது?" என்று என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

முதலில் அந்தப் புல்லாங்குழலைப் பற்றி. நாம் காத்திருப்பது ஏதோ தற்செயல் என்று எண்ணிக்கொள்கிறோம். கிடையாது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற டென்மார்க் தேசத்துக் கணித நிபுணர், 1909-ஆம் வருஷமே இதைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். மணிக்கு எத்தனை அழைப்பு வரும், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நீடிக்கும், எடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால், கூப்பிடுகிறவர் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். அவர் காட்டிய வழியில் வந்த கணக்கைத்தான் தொலைபேசி நிலையங்கள் இன்றும் உபயோகிக்கின்றன. எனவே என்னுடைய பதினெட்டு நிமிஷம் விதியின் விளையாட்டு அல்ல. இத்தனை பேருக்குத்தான் சம்பளம் கொடுப்போம் என்று ஒருவர் எங்கேயோ தீர்மானித்திருக்கிறார். புல்லாங்குழலுக்குச் சம்பளம் கிடையாதே!

நூறு அழைப்புகளில் எண்பதுக்கு மேல் 90 விநாடிக்குள் ஆள் எடுத்துப் பேச வேண்டும் என்று, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் அகலப்பட்டைச் சேவைக்கு 2006-லேயே விதி வகுத்தது. அதே விதிகளில், நூற்றுக்குத் தொண்ணூறு பழுதுகளுக்கு மேல் அடுத்த வேலை நாளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்றும் இருந்தது. 2024 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளிலும், மூன்று நாளைத் தாண்டிப் பழுது நீடித்தால் வாடகையில் கழிவு தர வேண்டும் என்று இருக்கிறது.

விதி இவ்வளவு கறாராக இருக்க, கம்பெனி எப்படித் தப்பிக்கிறது? புதன்கிழமை இரவு எனக்கு அது புரிந்தது. புகாரை 'தீர்ந்தது' என்று எழுதிவிட்டால், பழுது காகிதத்தில் ஒரு நாள் கூட நீடிக்கவில்லை! எட்டு நாள் பழுது, மூன்று சின்னச் சின்னப் பழுதுகளாகி, மூன்றும் உடனுக்குடன் சரிசெய்யப்பட்டதாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. நாமோ ஒவ்வொரு தடவையும் புது எண் வாங்கிக்கொண்டு, அந்தப் பொய்க்கு நம் கையாலேயே பிள்ளையார் சுழி போடுகிறோம்.

அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன். 2012-ஆம் வருஷத்து விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியிலும் மேல்முறையீட்டு அதிகாரி ஒருவர் இருந்தாக வேண்டும். அவருக்கு எழுதக் கட்டணம் கிடையாது. முகவரி கம்பெனியின் இணையதளத்திலேயே இருக்கிறது. யாரும் தடுக்கி விழுந்துவிடாத மூலையில்! மூன்று புகார் எண்கள், மூன்று 'தீர்ந்தது' செய்திகள், தேதி போட்ட சிவப்பு விளக்குப் படங்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். "மூன்று புகார்களும் ஒரே பழுது. முதல் நாளிலிருந்து கணக்கிட்டுக் கழிவு வேண்டும்" என்று முடித்தேன். கோபமான வார்த்தை ஒன்று கூடப் போடவில்லை. கோபித்துக்கொள்ள நிறைய இருந்தது. ஆனால் தேதிகளுக்கு இருக்கிற பலம் வசவுக்குக் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை ஓர் இளைஞன் தோளில் பையுடன் வந்தான். தெருமுனைக் கம்பத்தில், மரக்கிளை வெட்டியபோது கம்பியும் அறுந்திருந்தது. தலைமயிர் போன்ற கண்ணாடி இழையின் இரண்டு முனைகளையும் ஒரு சிறு கருவிக்குள் நேருக்கு நேர் வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்டினான். பத்து நிமிஷ வேலை! காப்பி கொடுத்து விசாரித்தேன்.

"என் பேரில் தினமும் இருபது புகார் விழுகிறது, சார். பன்னிரண்டுதான் பார்க்க முடிகிறது. மிச்சத்தை ராத்திரி மேலே இருக்கிறவர்கள் முடித்துவிடுவார்கள். போன வெள்ளிக்கிழமையே உங்கள் வீடு என் பட்டியலில் இருந்தது. நான் வருவதற்குள் தீர்ந்துபோய்விட்டது."

அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தொலைபேசியில் பத்து விநாடி எண்ணச் சொன்ன பெண்மேல் வந்த கோபமும் அப்போது போய்விட்டது. எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறாள், பாவம். அவளைத் திட்டினால் கம்பெனிக்கு வலிக்காது.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியும் ஒரு நாள் கண் சிவக்கலாம். புகார் எண்ணைத் தேதியுடன் எழுதி வையுங்கள். பொய்யாக 'தீர்ந்தது' என்று வந்தால் புதுப் புகார் மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிடாதீர்கள், மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மத்திய அரசின் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நுகர்வோர் மன்றமும் இருக்கிறது. தொலைபேசிக் கம்பெனிகள்மீது அங்கே வழக்குப் போடலாம் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

எனக்குக் கழிவு வந்தது. மாமிக்கும் எழுதி வாங்கிக் கொடுத்தேன். சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் பின்கட்டிலிருந்து பழைய உத்தரவுகள் கேட்டன. நடுவில் சற்று மௌனம். குழந்தை இந்த எட்டு நாளில் முகம் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டதாம். "முதல் சிரிப்பைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன், அம்மா" என்று பெண் சமாதானம் சொன்னாள். மாமி அதைப் பார்த்தாள். நாலைந்து தடவை பார்த்தாள்.

"நன்னாத்தான் இருக்கு. ஆனால் அது என்னைப் பார்த்துச் சிரிக்கலையே, அப்பா" என்றாள் என்னிடம்.

இதற்கு எந்த விதியில் கழிவு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மத்தியானம் கம்பெனியிலிருந்து மறுபடி செய்தி வந்தது: எத்தனை நட்சத்திரம் என்று. அதை மாமியிடம்தான் கேட்க வேண்டும். விடியற்காலை வாசலில் நின்று எண்ணிப் பார்த்தவள் அவள்தானே!