நம் நாவில் வாழும் எபிரேயம்

ஞாயிறு திருப்பலியில் எந்த மொழியில் செபிக்கின்றோம் என்று வினவினால், தமிழில் என்றே எல்லோரும் விடை பகர்வோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் (1962 - 1965) பின்னர் இலத்தீன் செபங்கள் தாய்மொழிக்கு மாறின என்பது உண்மையே. எனினும் ஆமென், அல்லேலூயா, ஓசன்னா ஆகிய மூன்று சொற்கள் மொழிபெயர்க்கப்படாமலே நம் நாவில் நிலைத்துவிட்டன. புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் எழுதியோரும் அவற்றை எபிரேய ஒலியிலேயே விட்டுவைத்தனர். ஒலி பிழைத்தது, பொருளோ நம்மிடையே பெரும்பாலும் மங்கிப்போயிற்று.

இவற்றின் பொருளை அகராதியில் மட்டுமன்றி, இன்று எபிரேயம் பேசுவோரின் சந்தையிலும் சமையலறையிலும் தேடலாம். ஏறத்தாழ கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்குப் பின் வீட்டுப் பேச்சிலிருந்து மறைந்து, செபத்திலும் கல்வியிலும் மட்டும் வாழ்ந்த மொழி அது. 1881இல் எருசலேமில் குடியேறிய எலியேசர் பென் யெகுதா, தம் இல்லத்தில் எபிரேயம் அன்றி வேறு மொழி பேசுவதில்லை என உறுதி பூண்டார். 1882இல் பிறந்த அவருடைய மகனே, பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதனைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த முதற் பிள்ளை எனக் கருதப்படுகின்றார். புதிய பொருள்களுக்குப் பெயர் வேண்டியபோது அறிஞர்கள் விவிலியத்தையே புரட்டினர். இறைவாக்கினர் எசேக்கியேல் தம் முதற் காட்சியில், நெருப்பின் நடுவே ஒளிர்ந்ததை ‘ஹஷ்மல்’ என்றார். இன்று அச்சொல்லுக்குப் பொருள் மின்சாரம்!

நமக்குச் சுவையான செய்தி ஒன்றும் உண்டு. சாலமோன் அரசரின் கப்பல்கள் கொணர்ந்தவற்றுள் மயில்களும் இருந்தன என்கின்றது விவிலியம் (1 அரசர் 10:22). அங்குள்ள ‘துக்கி’ என்னும் எபிரேயச் சொல், தமிழின் ‘தோகை’யிலிருந்து சென்றது என்பது கால்டுவெல் முதலான அறிஞர் பலரின் கருத்து. இன்றைய எபிரேயத்தில் அது கிளியைக் குறிக்கின்றது. மயிலுக்கு வேறு சொல் வந்துவிட்டது.

இனி ‘ஆமென்’ என்பதைக் காண்போம். நம் ‘ஆம்’ என்பதுடன் ஒலி ஒத்திருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம், இரண்டுக்கும் உறவில்லை. எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகள் கொண்ட வேரிலிருந்து கிளைப்பன. ஆமென் என்பதன் வேருக்கு, அசையாது நிற்றல், தாங்குதல் என்பது பொருள். ‘எமூனா’ (நம்பிக்கை), ‘எமெத்’ (உண்மை) ஆகியவை அதே வேரில் முளைத்தவை. வியப்பூட்டும் செய்தியைக் கேட்பவர் அங்கே ‘பெஎமெத்?’ என்பார், ‘உண்மையாகவா?’ என்று நாம் கேட்பதைப் போல. அமலேக்கியருடன் நடந்த போரில் மோசேயின் கைகளை ஆரோனும் கூரும் இருபுறமும் தாங்கி நிற்க, கதிரவன் மறையும்வரை அவை தளராதிருந்தன (விடுதலைப் பயணம் 17:12). அந்தத் தளராமைக்கு விவிலியம் ஆளும் சொல் ‘எமூனா’. நம்பிக்கை என்பதை மனத்தின் எண்ணமாகவே கருதிப் பழகிய நமக்கு, அது வலிக்கின்ற கைகளில், அதுவும் பிறர் தாங்கிய கைகளில் குடியிருப்பதைக் காண்பது புதுமையே. நற்கருணை பெறும்போது நாம் சொல்லும் ஆமென், நாம் கிறிஸ்துவின் உடலாய் இருப்பதற்கும் சேர்த்தே என்று புனித அகுஸ்தீனார் புதிதாய்த் திருமுழுக்குப் பெற்றோருக்குப் போதித்தார். வாய்க்குள் முணுமுணுத்துவிட்டு நகரும் சொல்லா அது?

‘ஓசன்னா’ என்பதை நாம் வாழ்த்தொலியாகப் பாடுகின்றோம். அதன் முதற் பொருளோ ‘மீட்டருளும்’ என்னும் கூக்குரல் (திருப்பாடல் 118:25). ‘அல்லேலூயா’ என்பது பன்மை ஏவல். ‘ஆண்டவரைப் போற்றுங்கள்’ என்று அருகிலிருப்போரை அழைப்பது. அன்றாடம் நன்றி கூறும் ‘தோதா’ என்னும் சொல்லோ, லேவியர் நூலில் நன்றிப் பலியின் பெயர். ஓய்வுநாளாகிய ‘சாபத்து’ பிறந்த வேரிலிருந்தே, இன்று தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கும் பெயர் வைத்திருக்கின்றார்கள்!

ஆயினும் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது ‘ஷாலோம்’ என்னும் சொல்லே. உயிர்த்த ஆண்டவர் சீடருக்கு வழங்கிய அந்த வாழ்த்தைத் திருப்பலியில் ‘சமாதானம்’ எனத் தமிழில் பகிர்ந்துகொள்கின்றோம். எபிரேயம் பேசுவோர் சந்திக்கும்போதும் பிரியும்போதும் அதையே சொல்கின்றனர். நலம் விசாரிக்கையில் ‘உன் ஷாலோம் எப்படி?’ என்ற பாங்கில் கேட்கின்றனர். இவ்வாறு கேட்பது பழைய வழக்கம். போர்க்களத்திலிருந்து வந்த உரியாவிடம் தாவீது, யோவாபின் ஷாலோம், வீரரின் ஷாலோம், ஏன், போரின் ஷாலோம் பற்றியும் விசாரித்தார் (2 சாமுவேல் 11:7). அந்த மனிதரின் மனைவியைக் கவர்ந்துகொண்டபின் கேட்ட கேள்வி அது. அழகிய சொல்லின் பின்னே அநீதி ஒளிந்துகொள்ள முடியும் என்பதை விவிலியம் மறைக்கவில்லை. ஷாலோம் இல்லாத இடத்தில் ஷாலோம் என்று கூறித் திரிந்தோரை எரேமியாவும் கடிந்தார்.

இச்சொல்லின் வேருக்கு முழுமை, குறைவின்மை என்பது பொருள். கடைக்காரருக்குப் பணம் செலுத்துவதையும் எபிரேயர் அதே வேரால் ‘லெஷலேம்’ என்பர். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்த்தால் குறை நிறைவாகின்றது. இது இக்காலத்துக் கற்பனையன்று. பிறர் மாட்டுக்கு இழப்பு நேர்ந்தால் மாட்டுக்கு மாடு ஈடு செய்ய வேண்டும் என்னும் சட்டத்திலும் (விடுதலைப் பயணம் 21:36), திருடிய ஆட்டுக்கு நான்கு ஆடு கொடுக்க வேண்டும் என்னும் சட்டத்திலும் வருவது இதே வேர்ச்சொல்தான். நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக வாக்களித்த சக்கேயு, அந்தச் சட்டத்தை அறிந்தவராகவே பேசினார்.

இந்த ஒளியில் நம் நிலையைப் பார்ப்போம். 2009இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. காணியை மீளப் பெறாதவரும், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காக விடை கேட்டு நிற்கும் தாயும் அந்த ஓய்வை ஷாலோம் என்று அழைக்கத் தயங்கினால், அவர்கள் பக்கமே எபிரேய மொழி நிற்கின்றது. ஆனால் அரசை நோக்கி மட்டும் விரலை நீட்டுவது எளிது. வேலியை அடியடியாகத் தள்ளி அயலவரின் காணியில் ஒரு துண்டைச் சேர்த்துக்கொண்டவரும், தங்கையின் நகையை அடகு வைத்துவிட்டு மீட்காதவரும், கூலியாளின் சம்பளத்தை நாளைக்கென ஒத்திவைத்தவரும் நம் ஆலயங்களில்தான் இருக்கின்றோம். வரும் ஞாயிறு சமாதானத்தைப் பகிருமாறு குருவானவர் அழைக்கும்போது, நாம் கைகூப்பித் திரும்பும் திசையில், நம்மிடமிருந்து ஏதோ ஒன்று வர வேண்டியவர் நின்றுகொண்டிருக்கக் கூடும்.