வளைந்து மடியும் அட்டை

கடலூர் வெள்ளிக் கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்னாத மாணவர் நம்மில் யார்? துவண்டு விழும் செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டியதும் விறைத்து நின்று சுண்டலைத் தாங்குகிறது. வளைவு தந்த வலிமை அது. தாளில் ஒரு வளைகோட்டின் வழியே மடிப்பு விழுந்தாலோ, இருபுறமும் தாமாகவே வளைந்து இன்னும் உறுதி பெறும். தாள் வளையும், மடங்கும். ஆனால் இழுத்தால் நீளாது. அந்தப் பிடிவாதமே காரணம்.

இத்தகைய வடிவங்களை இன்று கணிப்பொறியில் வரைந்து, மடிப்புக் கோடுகளை இயந்திரத்தால் அட்டையில் பதித்து, விளக்குக் கூடு முதல் கண்காட்சி மண்டபம் வரை ஆக்குகிறார்கள். "அது பொறியியல் கல்லூரிக்காரர்களின் வேலை, கலைக் கல்லூரிக்கு எதற்கு?" என்றொரு பேச்சு நம்மிடையே உண்டு. நான் இதை ஏற்பதற்கில்லை.

கும்பகோணம் அரசு கல்லூரியில் பயின்று, வருவாய்த் துறையில் பணிபுரிந்தவர் டி. சுந்தர ராவ். தாள் மடிப்பின் வழியே வடிவியல் கற்பிக்கும் ஆங்கில நூலை அவர் 1893இல் சென்னையில் வெளியிட்டார். ஜெர்மன் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அதைத் தம் நூலில் குறிப்பிட, 1901இல் அமெரிக்கப் பதிப்பே வந்துவிட்டது! அவர் கையாண்டவை நேர் மடிப்புகள்தாம். ஆனால் நேர் மடிப்புகளை முறையாக, நெருக்கமாக இட்டால் பரவளையம் தோன்றுவதை எந்தக் கணித மாணவரும் காணலாம். இன்றைய கணிப்பொறி வேறென்ன செய்கிறது? வளைந்த பரப்பை நேர்கோடுகளுக்கு இடைப்பட்ட குறுகிய பட்டைகளாகப் பிரித்துத்தான் கணக்கிடுகிறது. வளைமடிப்பின் கணிதத்தை 1976இல் எழுதிய டேவிட் ஹஃப்மன் கணிப்பொறி அறிஞர். அவரும் தாளைக் கையால் மடித்துப் பார்த்தவரே.

நம் கணிதத் துறையும் கணிப்பொறித் துறையும் ஒரு மேசையைப் பகிர்ந்துகொண்டால் போதும். வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தில் கத்திக்குப் பதில் மொட்டை முனையைப் பொருத்தினால் மடிப்புக் கோடு பதியும். சிதம்பரம் சிற்றம்பலத்தின் வளைந்திறங்கும் பொற்கூரையை ஒரே அட்டையில் மடித்தெடுக்க இயலுமா? இதை ஆண்டுத் திட்டப்பணியாகவே தரலாம் என்பேன்.

இயந்திரம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். சார்ட் அட்டையில் காம்பஸால் ஐந்தாறு பொதுமைய வட்டங்கள் வரைந்து, வெளிவட்டத்தை ஒட்டி வெட்டி, நடுவட்டத்தையும் வெட்டி எடுத்துவிடுங்கள். மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் ஒரு வட்டத்தை முன்புறமும் அடுத்ததைப் பின்புறமும் அழுத்திக் கீறி, மேலும் கீழுமாக மாற்றி மாற்றி மடியுங்கள். தட்டையாக இருந்த அட்டை குதிரைச் சேணம்போல் எழுந்து நிற்கும். ஜெர்மனியின் பௌஹௌஸ் கலைப்பள்ளியில் 1920களின் பிற்பகுதியில் ஜோசப் ஆல்பர்ஸின் மாணவர்கள் மடித்த வடிவம் அது.