மடிப்பில் விழும் கயிறு

பாறையேறும் நண்பர்கள் நாலுபேர் சேர்ந்து சொந்தமாக ஓர் இதழ் போடக் கிளம்பினால், முதல் சண்டை எழுத்துருவைப் பற்றித்தான் வரும். அதை ஒத்திப்போடலாம். கணினியைத் திறப்பதற்கு முன் நான்கு ஏ4 தாள்களை அடுக்கி நடுவில் மடித்து, 1 முதல் 16 வரை பென்சிலால் எண் போட்டுப் பிரித்துப் பாருங்கள். அச்சகத்தில் இதை 'டம்மி' என்பார்கள்.

வெளித்தாளில் 1-க்குப் பக்கத்தில் 16 இருக்கும். மறுபுறம் 2-ம் 15-ம். எந்தத் தாளை எந்தப் புறம் பார்த்தாலும் கூட்டினால் 17. ஜெராக்ஸ் கடையில் 'பேக் டு பேக்' போடும்போது பக்கம் மாறாமலிருக்க இந்தக் கணக்கு போதும். ஒரு தாளுக்கு நான்கு பக்கம் என்பதால், கட்டுரை நீண்டுவிட்டதென்று ஒற்றைப் பக்கம் கூட்ட முடியாது. வெட்டத்தான் வேண்டும்.

டம்மி இன்னொன்றையும் காட்டும். படிக்கும்போது எதிரெதிரே தெரியும் பக்கங்களில் 8, 9 மட்டுமே ஒரே தாளின் ஒரே புறத்தில் அச்சாகின்றன. 4, 5 வெவ்வேறு தாள்கள். அங்கே ஒரு படத்தைப் பரப்பினால் ஏறுபவரின் கை ஓரிடத்திலும் தோள் சற்றுத் தள்ளியும் நிற்கும். ஆகவே பெரிய படம் நடுவுக்குத்தான்.

அங்கேயும் ஒரு சிக்கல். விரித்த இதழ் 297 மில்லிமீட்டர் அகலம், 210 உயரம். பாறைச் சுவரோ நெடியது. மடிப்பு மேலிருந்து கீழாக ஓடுகிறது, கயிறும் அப்படியே. நடுவில் வைத்தால் கயிறு மடிப்புக்குள் போய்விடும். படத்தைத் திருப்பி அச்சிடுங்கள். வாசகர் இதழைக் காலண்டர் போலப் பிடித்துப் பார்க்கட்டும். பாறையடியில் நின்று கழுத்து வலிக்க அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு சிரமமா? இப்போது பாதாமியின் செம்மணற்கல் சுவருக்கு 297 மில்லிமீட்டர் உயரம் கிடைக்கிறது. மடிப்பு குறுக்கே போகிறது.

அந்தச் சிவப்பு, கறுப்புவெள்ளை ஜெராக்ஸில் வெறும் கரியாகிவிடும். படத்தை முன்கூட்டியே வெளுக்க வைத்து ஒரு பிரதி எடுத்துப் பாருங்கள். ஹம்பியின் கிரானைட் உருண்டைகள் இவ்வளவு படுத்தாது.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த இதழுக்கும் பொருந்தும். பாறையேற்ற இதழுக்கென்று தனியாக இரண்டு உண்டு. சாதாரண இதழில் ஒருவர் பக்கத்துக்கு வெளியே பார்த்தபடி இருந்தால், வடிவமைப்பவர் படத்தை இடவலமாகப் புரட்டிவிடுவார். இங்கே அது கூடவே கூடாது. வலப்பக்கம் சாயும் வெடிப்பு இடப்பக்கம் சாய்ந்துவிடும், இதழை நம்பிப் போகிறவர் தவறான பாதையில் கை வைப்பார். அழகுக்காகப் படத்தைச் சாய்த்து வெட்டுவதும் இதே ரகம்: எளிய சரிவு, பயங்கரமான சுவராகிவிடும். சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தொங்கும் கயிறே போதும். கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரி. 1969-இல் பிரிட்டனில் 'மவுண்டன்' இதழைத் தொடங்கிய கென் வில்சன் அதற்குமுன் கட்டடங்களைப் படமெடுத்தவர். அந்தத் தொழிலில் செங்குத்துக்கோடு சாய்ந்தால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

இரண்டாவது, ஏறுவழியைக் காட்டும் கோட்டுப்படம். ஏறுபவர்கள் 'டோப்போ' என்பார்கள். படத்தின்மேல் டிரேசிங் தாளை வைத்து விளிம்பு, வெடிப்பு, போல்ட் இருக்கும் இடங்களுக்குப் பெருக்கல் குறி, இவற்றை மட்டும் வரையுங்கள். பாறையின்மேல் வெறும் எண். வழியின் பெயரும் கடினத் தரமும் கீழே. சுவரின் உச்சி, இறங்கும் பாதை ஆகியவற்றை இடம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். கட்டுரையை வெட்டுங்கள், எழுதியவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எழுத்துக்கு ஒரே பத்தி வைத்தால் நல்லது. தமிழ்ச் சொற்கள் நீளம். ஏ5-இல் இரண்டு பத்தியாகப் பிரித்து இருபுறமும் சமன்செய்தால் நடுவில் ஓட்டை விழும். கொம்பும் சுழியும் மோதாமல் வரி இடைவெளியைச் சற்றுத் தாராளமாக விடுங்கள்.

கடைசியாகப் பின். சாதாரண ஸ்டேப்ளர் மடிப்பு வரை எட்டாது. அதை முழுக்க விரித்து, இதழைத் தெர்மாகோல்மேல் வைத்து, முதுகுப்புறமிருந்து குத்தி, உள்ளே வரும் முனைகளைக் கரண்டிக் காம்பால் மடக்கிவிடலாம். முனைகள் வருவது 8, 9-இல், அதாவது நம் சுவரின் நடுவில். அந்த இடத்தில் யாரும் தொங்கவில்லையே என்று பார்த்துவிட்டுக் குத்துங்கள்.