வாளேந்திய தவம்

2001 செப்டெம்பர் 16ஆம் நாள், பயங்கரவாதத்துக்கு எதிரான தமது போரை அமெரிக்க ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ் 'சிலுவைப் போர்' என வர்ணித்தார். 1998இலேயே பின்லாடன் அணியினர் யூதருக்கும் 'சிலுவைப் போராளிகளுக்கும்' எதிராகப் புனிதப் போரைப் பிரகடனஞ் செய்திருந்தனர். இடைக்காலப் போரொன்றின் பெயர் இருதரப்பிலும் இன்னும் ஆயுதமாகவே வழங்குகிறது. 2019 உயிர்த்த ஞாயிறன்று நமது ஆலயங்களில் நிகழ்ந்த படுகொலைகளின் பின், "இது அன்றுதொட்டு வரும் பகை" எனும் பேச்சு நம்மிடையேயும் எழுந்தது. ஆகவே அப்போர்களின் சமயக் காரணத்தை நேர்மையுடன் நோக்குதல் நம் கடன்.

1095 நவம்பர் 27இல் பிரான்சின் கிளர்மோன்ட் நகரில் பாப்பரசர் இரண்டாம் உர்பான் போருக்கு அழைப்பு விடுத்தார். துருக்கியருக்கெதிராகக் கிழக்குப் பேரரசர் அலெக்சியுஸ் உதவி கோரியிருந்தார். கலீபா அல்-ஹாக்கிம் 1009இல் இடிப்பித்த திருக்கல்லறை ஆலயமோ அதற்குள் மீளக் கட்டப்பட்டிருந்தது. மக்களை அசைத்தது வேறொன்று. பெருமைக்கோ பொருளுக்கோ அன்றிப் பக்தியினால் மட்டுமே எருசலேம் திருச்சபையை விடுவிக்கச் செல்வோருக்கு, அப்பயணமே முழுப் பாவப்பரிகாரமாகும் என அங்கு கூடிய சங்கம் விதித்தது. திருயாத்திரையும் தவமும் போரும் ஒன்றாயின. சிலுவையைச் சுமந்து தம் பின்னே வருமாறு ஆண்டவர் விடுத்த அழைப்பு, துணிச் சிலுவையை ஆடையில் தைத்து வாளேந்துவதாக மாறிற்று.

பேராசையே காரணம் என்போர் உளர். கொள்ளை நிகழாமலில்லை, ஆயினும் பலர் தம் நிலத்தை அடகு வைத்தே புறப்பட்டனர். நம்மைக் கலங்கச் செய்யவேண்டியது அவர்களது பக்தியே. 1096இல் அக்கூட்டங்களுட் சில ரைன் நதிக்கரை யூதரைக் கொன்றன. 1099 ஜூலை 15இல் எருசலேமைக் கைப்பற்றி, முஸ்லிம்களையும் யூதரையும் வெட்டி வீழ்த்திய கையோடு, ஆண்டவரின் கல்லறையில் ஆனந்தக் கண்ணீருடன் மன்றாடினர். கொன்றவர்க்கு அது வழிபாடாகவே தோன்றிற்று.

முஸ்லிம்களுக்கும் அது நபிகளாரின் விண்ணேற்றத்தோடு இணைந்த புனித நகர். பிளவுண்டிருந்த அவர்களை நூருத்தீனும் சலாஹுத்தீனும் ஜிஹாத் அழைப்பினால் ஒன்றுதிரட்டினர்; 1187இல் நகரம் மீண்டும் கைமாறியது. ஒருவர் பக்தி மற்றவர் பக்தியை மூட்டியது.

2000 மார்ச் 12இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், சிலுவைப் போரைப் பெயர்சொல்லிக் குறிப்பிடாவிடினும், உண்மையின் பெயரால் திருச்சபையின் மக்கள் கையாண்ட வன்முறைக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார்.

அப்போர்களின் நடுவிலேயே வேறு வழியைக் கண்டவரும் உளர். 1219இல் எகிப்தின் தமியெத்தா நகரைச் சிலுவைப் படை முற்றுகையிட்டிருந்த வேளை, அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் ஆயுதமின்றிச் சுல்தான் அல்-காமிலின் பாளையத்துக்குச் சென்று மீண்டார். சுல்தான் மனம் மாறவில்லை, போரும் நிற்கவில்லை. ஆயினும் 1221ஆம் ஆண்டின் தமது சபை ஒழுங்கில், முஸ்லிம்களிடையே செல்லும் சகோதரர் வாதுக்கும் சச்சரவுக்கும் இடங்கொடாமல், எல்லாருக்கும் பணிந்து, தாம் கிறிஸ்தவர் என்று மட்டும் அறிக்கையிட்டு வாழ்வதை அவர் முதல் வழியாக எழுதி வைத்தார்.